கேப்டன் உட்கார்ந்திருந்த நாள்

ஒரு பயிற்சிக் கப்பல் இருந்தது. நானும் அதில் படித்தவன். மூன்று பாய்மரம், காற்றை நம்பியே ஓடும். பாய்களை முழுக்க விரித்தால், கீழே மீன்களெல்லாம் பொழுது சாய்ந்துவிட்டது என்று தூங்கப் போய்விடும். கொட்டாவி விட்ட மீனை நானே பார்த்திருக்கிறேன்.

கேப்டன் பெயர் அமலோற்பவம். தூத்துக்குடிக்காரர். அவரைக் கேட்காமல் காற்று திசை மாறாது என்பார்கள்.

பயிற்சியின் கடைசி நாளில் அங்கே ஒரு வழக்கம். கப்பலை மாணவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கேப்டன் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துவிடுவார். அன்றைக்கு அவர் வெறும் பயணி. எழுந்துவிட்டால் கப்பல் மறுபடி அவருடையது, மாணவர் தேறவில்லை.

அந்த முறை கப்பல் குமணன் கைக்கு வந்தது. கரூர்ப் பையன். அதுவரை அவன் பார்த்த பெரிய தண்ணீர் அமராவதி ஆறு. அதிலும் தண்ணீர் இருந்தது அபூர்வம்.

"கேப்டன், ஆபத்துன்னு வந்தா முதல்ல என்ன உத்தரவு போடோணுங்க?"

"நான் வெறும் பயணியாக்கும். எங்கிட்ட ஏம்ல கேக்க?" என்று அவர் ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தார்.

உச்சி வேளையில் கப்பலைக் காற்றுக்கு எதிராகத் திருப்ப வேண்டி வந்தது. குமணன் திருப்பினான். கப்பல் பாதி திரும்பி, காற்றுக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பாய்கள் இடிபோல் படபடத்தன. பின்புறத்தில், கொஞ்ச தூரத்தில், பாறைகள்மேல் அலை வெள்ளையாக உடைந்தது.

"இழுங்க. அதை விடுங்க. இல்ல, இந்தப் பக்கம்," என்று குமணன் கத்தினான்.

"எல்லாக் கயித்தையும் இழுக்கணும்னா இன்னும் ரெண்டு கை குடுடா," என்றான் ஒருவன்.

சுக்கானைப் பிடித்திருந்த ரிஸ்வானா சொன்னாள்: "எந்தப் பக்கம் சுத்தினாலும் ஒண்ணுமில்ல, குமணா. சுக்கான் செத்துக் கிடக்கு."

குமணன் கேப்டனிடம் ஓடினான். "பின்னால பாறைங்க."

"தெரியுது. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"ஏதாவது சொல்லுங்க."

அவர் ஆரஞ்சுத் தோலைக் கடலில் எறிந்தார். "அதைப் பாரு."

அவன் எட்டிப் பார்த்தான். தோல் கப்பலின் பக்கத்தில் மிதந்தது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, முன்பக்கம் நகர்ந்தது.

"தோலு முன்னால போகுதுங்க."

"தோலுக்கு ஏதுல காலு?"

குமணன் நிமிர்ந்தான். போவது கப்பல். பின்னால், பாறையை நோக்கி. பின்னால் போகும் கப்பலுக்குச் சுக்கான் தலைகீழாக வேலை செய்யும் என்று வகுப்பில் படித்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இம்முறை அவன் கத்தவில்லை. "எல்லாரும் சும்மா இருங்க. ரிஸ்வானா, நான் சொல்றப்ப எதிர்ப்பக்கமா முழுசும் சுத்து."

"பாறைகிட்ட போறோம், குமணா."

"இன்னுங் கொஞ்சம் போகட்டும். வேகம் வந்தாத்தான் சுக்கான் பிடிக்கும்."

பாறையில் அலை உடைவது தனியாகக் கேட்டது.

"இப்ப."

கப்பலின் முகம் அசைந்தது. மூன்று பாய்மரமும் வானத்தைத் தடவிக்கொண்டு திரும்பின. வெயில் ஒரு பாயிலிருந்து அடுத்த பாய்க்கு நடந்து போயிற்று. பாய்கள் ஒவ்வொன்றாகக் காற்றை நிரப்பிக்கொள்ள, இடி ஓய்ந்தது. கப்பல் நின்று, யோசித்து, முன்னே புறப்பட்டது. பாறை நண்டுகள் எங்களுக்கு வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டன. அவ்வளவு கிட்டத்தில் போனோம்.

கயிறு பிடித்தவர்கள் கையை எடுக்க மறந்து மேலே பார்த்தபடி நின்றார்கள். கப்பலுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நானே வாயை மூடிக்கொண்டேன்.

நங்கூரம் போட்ட பிறகு குமணன் கேப்டன் பக்கத்தில் வந்து நின்றான்.

"பாறையைவிட, நீங்க எழுந்திரிச்சுருவீங்களோன்னுதானுங்க பயந்தேன்."

"எனக்கும் அதாம்ல பயம்," என்றார் அமலோற்பவம்.