பறிக்காத சங்குப்பூ

"ஒரு பூவைக்கூடப் பறிக்கலம்மா. அப்படியும் பூக்க மாட்டேங்குது."

அடைக்கலம் தொட்டியை மடத்து வாசலில் இறக்கி வைத்தார். ஈப்போவிலிருந்து தைப்பிங் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த தொட்டி. நாற்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதருக்கு, பயணியாக வந்த அந்த ஒன்றரை மணி நேரம் பெரும்பாடாகிவிட்டது.

தவமணி அம்மா எலுமிச்சை வாசம் அடிக்கும் செராய்ப் புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மலையடியில் இருக்கும் அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் குரு. அடைக்கலத்தைவிட இருபது வயது இளையவர்.

"யார் வச்ச செடி, ஐயா?"

"மாரியாயி. என் சம்சாரம். போய் எட்டு மாசமாச்சு."

நாலாம் மாடி வீட்டு வராந்தாவில் அவள் வளர்த்தது பதினோரு தொட்டி. பாண்டான், செராய், சோம்பு வாசம் அடிக்கும் சியாம் துளசி, இந்தச் சங்குப்பூ. அவள் போன பிறகு அடைக்கலம் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டிவிட்டார். நாசி லெமா தேங்காய்ச் சோற்றில் வாசத்துக்குப் போட ஒரே ஒரு பாண்டான் இலை கேட்ட மருமகளிடம், கடையில் போய் வாங்கு என்று கத்தியும் விட்டார். மாரியாயி இருந்தவரை திரும்பிக்கூடப் பார்க்காத செடிகளுக்கு இவ்வளவு காவல்.

தவமணி அம்மா கொடியைத் திருப்பிப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் காய்ந்த நெற்றுகள்.

"பூவைப் பறிக்காம விட்டா காய்ச்சிடும். காய்ச்சதும், போதும்னு நின்னுடும்."

"அவ விட்டுட்டுப் போனதை நான் எப்படிம்மா பறிப்பேன்?"

"அவங்க பறிச்சாங்களா?"

"தினமும். விடிஞ்சதும் பறிச்சு, சுடுதண்ணியில போட்டு, நீலமா கொண்டாந்து நீட்டுவா. வேலைக்குப் போற மனுசனைச் சாயத் தண்ணி குடிக்கச் சொல்றியான்னு கேட்பேன்."

"வேலையை விட்டப்புறம்?"

"பேப்பர் படிச்சிக்கிட்டு இருப்பேன்."

"ஒரு நாளாவது குடிச்சீங்களா?"

"இல்லம்மா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இலைகளுக்கு அடியில் ஒரே ஒரு பூ விரிந்திருந்தது. அடைக்கலம் அதைக் கவனித்திருக்கவில்லை. தவமணி அம்மா அதைக் கிள்ளினார். தடுக்கப் போன அடைக்கலத்தின் கை பாதி வழியிலேயே இறங்கியது.

தவமணி அம்மா உள்ளே போய் ஒரு டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்து பூவைப் போட்டார். லேசாக நீலம் இறங்கியது.

"குடிங்க, ஐயா."

அடைக்கலம் ஒரு மடக்குக் குடித்தார். நிதானமாக இன்னொரு மடக்கு.

"ஒண்ணுமே இல்லையேம்மா. வெறும் தண்ணி மாதிரி இருக்கு."

"ஆமா. சங்குப்பூவுக்கு ருசி கிடையாது."

அடைக்கலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. செத்துப்போனவள் மேல் வந்த கோபம்.

"ருசியே இல்லாத தண்ணியை எதுக்கும்மா முப்பத்தொரு வருஷம் விடாம கொண்டாந்து நீட்டினா?"

தவமணி அம்மா செராய்ப் பக்கம் திரும்பினார்.

"எத்தனை டம்ளர் கொண்டு வருவாங்க?"

அடைக்கலம் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"ரெண்டு. ஒண்ணு அவளுக்கு."