விலை இறங்காத சந்தை

பவளத்துறை ராஜா மகுடேசுவர பூபதிக்குச் சீன மோகம் தலைக்கேறியிருந்த காலம் அது. சீனத்துப் பட்டும் பீங்கானும் ஏற்றிவர ஒரு கப்பல் கம்பெனி தொடங்கினார். அதன் பங்குகளை விற்க ஒரு சந்தையும் வைத்தார். சந்தைக்குப் பொறுப்பு நிதி மந்திரி அனந்தப்பர். சீனத்துக்கே போய்ப் பங்குச் சந்தை ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தவர். வந்த நாளிலிருந்து அவர் தும்மினால்கூட அது ஆராய்ச்சிதான்.

ஒருநாள் அவர் சபையில் எழுந்தார்.

"மகாராஜா! சந்தை திறந்திருந்த ஒரு நாளில்கூடப் பங்கின் விலை இறங்கியதில்லை. இன்று ஒரு பங்கு நூறு வராகன். பஞ்சத்துக்கென்று சேர்த்த பொன் சும்மாதானே கிடக்கிறது? அத்தனைக்கும் பங்கு வாங்கிவிடலாம்."

விகடகவி அம்பலவாணன் யோசித்தான். மழை பொய்த்தால் ஊர் எதைத் தின்னும்? விலை இறங்கும்போல் தெரிந்தாலே அனந்தப்பர் சந்தையை இழுத்துப் பூட்டிவிடுவார். பிறகு எங்கே இறங்குவது! ஆனால் அதைச் சொல்ல வழியில்லை. சந்தை விலைக்குக் கீழே விலை சொல்பவன் நாக்கை அறுக்கச் சட்டம் இருந்தது. அதுவும் அனந்தப்பரின் ஆராய்ச்சியில் பிறந்ததுதான்.

"என்ன அம்பலவாணா, வாயடைத்துப் போய்விட்டாய்?" என்றார் ராஜா.

"மந்திரியின் மூளையை நினைத்து மலைத்துப் போனேன், மகாராஜா. இப்பேர்ப்பட்டவருக்கு ஆயிரம் வராகனாவது பரிசு தர வேண்டாமா?"

அனந்தப்பருக்குப் புல்லரித்தது. ஆகாதவன் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சா!

"தந்தோம்!" என்றார் ராஜா.

"ஐயோ, பொன்னாகக் கொடுத்து அவரை அவமதிக்காதீர்கள். பொன் போட்டது போட்டபடி கிடக்கும். பத்துப் பங்காகக் கொடுங்கள். நாளைக்கே ஏறிவிடுமே!"

மந்திரியின் முகம் சுருங்கியது. "அடியேனுக்குப் பொன்னே போதும், மகாராஜா."

"கூச்சப்படாதீர். இருபது பங்கு!" என்றான் அம்பலவாணன்.

"பொன்னே..."

"சரி, ஐம்பது!"

அனந்தப்பருக்கு வியர்த்துக் கொட்டியது. "ஐநூறு வராகன் கொடுத்தால்கூடப் போதும், மகாராஜா. பொன்னாக மட்டும் கொடுங்கள்!"

ராஜா விரல் விட்டுக் கணக்குப் போட்டார். ஐம்பது பங்கைவிட ஐநூறு வராகன் மேலா? அவர் முகம் சிவந்தது.

"அம்பலவாணா, அப்படியானால் பங்கின் நிஜ விலை..."

"நான் ஒன்றும் சொல்லவில்லை, மகாராஜா! எனக்கு நாக்கு வேண்டும். விலை சொன்னவர் மந்திரிதான்."

அனந்தப்பரின் கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது. அதைப் பார்த்த ராஜாவுக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

"பஞ்சப் பொன்னை யாரும் தொடக் கூடாது! அந்த ஆயிரம் வராகன் பரிசு இனி உனக்கு, அம்பலவாணா!"

அம்பலவாணன் தரையில் விழுந்து கும்பிட்டான். எழுந்திருக்காமலே தலையை மட்டும் தூக்கிக் கேட்டான்:

"பொன்னாகத்தானே, மகாராஜா?"