கொள்ளிக்கட்டையும் எலும்பூசியும்

கேளுங்கள், பிள்ளைகளே! கடல்களுக்கு அப்பால், பார்க்கும் இடமெல்லாம் புல் விரிந்த நாட்டில், லகோட்டா மக்கள் கூடாரம் போட்டு வாழ்ந்த காலம் அது.

அவர்கள் கதையை எழுதவில்லை, வரைந்தார்கள். ஆண்டுக்கு ஒரே ஒரு படம், பெரிய காட்டெருமைத் தோல் ஒன்றில். அந்தப் படம்தான் ஆண்டின் பெயர். ஆளை வரைந்தால், தலைக்கு மேலே அவர் பெயரையும் படமாக வரைந்து கோடு இழுத்து இணைப்பார்கள்.

ஓவியர் செம்பருந்து ஒருநாள் ஊர் கூடியிருந்தபோது மூன்று பிள்ளைகளை அழைத்து, ஆளுக்கொரு தோல் துண்டு கொடுத்தார்.

"போன வருசத்துல மறக்கவே முடியாதது எதுவோ, அதை வரைங்க. ஒண்ணைப் பெரிய தோல்ல ஏத்திடலாம்."

ஒருவன் பெரிய வேட்டையை வரைந்தான். இன்னொருவன் இரட்டைக் குட்டி ஈன்ற குதிரையை வரைந்தான். மூன்றாவது ஒரு சிறுமி, பெயர் துள்ளும் மான். ஓரிடத்தில் நிற்காத வாலு அவள். அன்று மட்டும் கரியைப் பிடித்தபடி விழித்தாள்.

வெண்மேகம் அத்தையின் கூடாரம் எரிந்ததே, அதைத்தான் அவளால் மறக்க முடியவில்லை. காற்றில் வந்த பொறி என்று ஊரே நம்பியது. கொள்ளிக்கட்டையைச் சுழற்றி விளையாடியது அவள்தான்! வரைந்தால், பேரன் பேத்தி காலம்வரை அந்த ஆண்டின் பெயரே 'துள்ளும் மான் கூடாரத்தை எரித்த ஆண்டு' என்றாகிவிடும்!

கூடாரம் வரைந்தாள். தீ வரைந்தாள். கொள்ளிக்கட்டையோடு ஒரு சிறுமியை வரைந்தாள். அதோடு விட்டிருந்தால் அது யாரோ ஒரு சிறுமி. அவளோ தலைக்கு மேல் ஒரு மானையும் வரைந்து கோடு இழுத்தாள்.

ஊரே கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது. வெண்மேகம் எழுந்து வந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அடி கள்ளி! ஒரு நொடி உட்காராத பொண்ணு, குளிர்காலம் முழுக்க என்கூட உட்கார்ந்து புதுக் கூடாரம் தெச்சியே! ஏன்னு இப்பத்தானே புரியுது!"

"கோவமா அத்தை?"

"அன்னிக்குத் தெரிஞ்சிருந்தா உன்கூடப் பேசியே இருக்க மாட்டேன். கரியை இங்க குடு. படம் பாதியில நிக்குது."

வெண்மேகம் அந்தக் கூடாரத்தைச் சுற்றி, புதுக் கூடாரத்துக்குத் தோல் கொண்டுவந்து தைக்க உதவிய ஊராரை வரைந்தாள். சிறுமியின் மற்றொரு கையில், தோல் தைக்கும் எலும்பூசி ஒன்றையும் வரைந்தாள்.

எல்லாரும் கூடாரம் தைத்த ஆண்டு! பெரிய தோலில் அந்தப் படமே ஏறியது, தலைமேல் மானோடு.

தவறைத் தன் பெயரோடு சொல்லத் துணிந்தவரை, அவர் செய்த நன்மையோடும் சேர்த்தே ஊர் நினைவில் வைக்கும்.