சாத்தையா விதைத்த குதிரைவாலி

மாவட்டப் புள்ளியியல் அலுவலகத்தில் மீனலோசனியிடம் தொழில் கற்றவர் சவரிமுத்து. அவரைவிட மூன்று வயது மூத்தவர். ஆனாலும் ‘அம்மா’ என்றுதான் அழைப்பார்.

ஒருநாள் கேட்டார். “நெடுங்கரையில குதிரைவாலி விதைச்சிருக்குன்னு என் படிவம் சொல்லுது. செயற்கைக்கோள் வரைபடமும் அதையே சொல்லுது. ரெண்டு சாட்சி ஒத்துப்போன பிறகும் ஏம்மா கையெழுத்துப் போடமாட்டேங்கிறீங்க?”

மீனலோசனி ஜீப் சாவியை எடுத்தார்.

உச்சிவெயிலில் நெடுங்கரை சேர்ந்தார்கள். கதவுகளில் பூட்டுகள் துருவேறித் தொங்கின. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. படிவத்தில் இருந்த நிலம் முழுக்க ஆள் உயரத்துக்குச் சீமைக்கருவேலம். அனல்காற்று வீசியது. காய்ந்த நெற்றுகள் மட்டும் கலகலத்துக்கொண்டிருந்தன.

மீனலோசனி படிவத்தைப் பிரித்து உரக்க வாசித்தார். “விவசாயி சாத்தையா. விதைத்தது குதிரைவாலி. நேரில் சொன்னார், கையெழுத்திட்டார்.”

பிறகு முள்ளைப் பார்த்துக் கூப்பிட்டார். “சாத்தையா!”

மூன்றாம் முறை கூப்பிட்டபோது முள் விலகியது. காலிக் குடத்தோடு ஒரு பெண் வந்தாள்.

“யாரு அவரைக் கூப்பிடுறது? என் வீட்டுக்காரர் செத்து ஆறு வருசமாச்சு.”

“போன மாசம் இவர்கிட்ட கையெழுத்துப் போட்டிருக்காரே,” என்று சவரிமுத்துவைக் காட்டினார் மீனலோசனி.

அவள் சவரிமுத்துவைப் பார்த்துச் சிரித்தாள். “உங்களைத்தான் பார்க்க வாராரா? என்கிட்ட வரலையே. வெள்ளாமை இருக்கிற ஊருக்குத் தண்ணி லாரி கிடையாதுன்னுட்டாங்க சார். அடுத்த தடவை வந்தா, விளைஞ்சதை எங்க வச்சிருக்காருன்னு கேட்டுச் சொல்லுங்க.”

சவரிமுத்து படிவத்தைக் கையில் வாங்கினார்.

“போன வருசப் படிவத்தைப் பார்த்து எழுதினேம்மா. அதுக்கு முந்தின வருசமும் அப்படித்தான். நான் இங்க வரவேயில்லை. ஆனா மேலேருந்து பார்த்த படம் எப்படிம்மா அதையே சொல்லுச்சு?”

“குதிரைவாலின்னா எப்படி இருக்கும்னு அந்தப் படத்தைப் படிக்கிற கம்ப்யூட்டருக்கு உங்க படிவத்தைக் காட்டித்தானே சொல்லிக்கொடுத்தோம்.”

சவரிமுத்து படிவத்தில் குதிரைவாலியை அடித்தார். ‘முள்’ என்று எழுதினார்.

“லாரிக்கு இன்னைக்கே எழுதிடுறேன். இதோட சரியாயிடும்லம்மா?”

மீனலோசனி வரைபடத்தை ஜீப்பின் மேல் விரித்தார். நெடுங்கரையில் குதிரைவாலி என்று காட்டிய அதே மஞ்சள் இன்னும் நாற்பது ஊர்களில்.

“இந்த ஒரு நிலத்துலேருந்து அவரை அனுப்பிட்டீங்க. மிச்ச ஊர்லயெல்லாம் சாத்தையா இன்னும் விதைச்சுக்கிட்டுத்தான் இருக்காரு.”