எட்டாத பந்து

"பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்போச்சு, கோச். உங்களுக்குத் தெரியறது எனக்கு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்கு?"

இதைக் கேட்ட பனிதாசனுக்கு வயது அறுபது. கோச் ரெஜினாவுக்கு முப்பத்து நான்கு.

தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று ஒரு கால்பந்துக் கழகம் இருந்தது. ரெஜினா கைகாட்டிய பிள்ளைகள் மாநில அணிக்குப் போனார்கள். சிலர் நாட்டின் சட்டையையே போட்டுக்கொண்டு ஆடினார்கள்.

பனிதாசனும் ஒரு காலத்தில் மாநிலத்துக்காகத் தடுப்பாட்டம் ஆடியவர்தான். துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, ஆள் தேர்ந்தெடுக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள ரெஜினாவிடம் வந்து சேர்ந்தார். ஒரு பருவம் முழுக்க ரெஜினாவின் பக்கத்திலேயே நின்று ஆட்டம் பார்த்தார்.

ரெஜினா எதையும் சொல்லித் தரவில்லை.

"வேகத்தைப் பாக்கணுமா கோச்?"

"பாருங்க அண்ணா."

"குணத்தைப் பாக்கணுமா?"

"அதையும் பாருங்க."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அன்றைக்கும் ரெஜினா பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் பம்பைக் கீழே வைத்தார்.

"தேசிய அணிக்கு ஆள் எடுக்க முகாம் போடுறாங்க. நம்ம கழகத்துல இருந்து ரெண்டு பேர் போகலாம். இந்த வாட்டி நீங்களே எடுங்க."

பனிதாசனுக்கு அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. போட்டியில் இருந்தவர்களே நான்கு பேர்தான்.

"கோல்கீப்பர் பியூலா. அப்புறம் அன்ஸ்லின்."

பியூலா விஷயத்தில் யாருக்கும் இரண்டாம் கருத்து கிடையாது. அன்ஸ்லினோ நெடுநெடுவென்று வளர்ந்த பெண். அந்தப் பருவத்தில் விழுந்த கோல்களில் பாதி அவளுடையவை. அவள் ஆடுகிறாள் என்றால் வேலையை விட்டுவிட்டு ஊரே மைதானத்துக்கு வரும்.

மீதி நின்றவர்கள் செலஸ்டினாவும் முத்துக்கனியும்.

ரெஜினா பம்பைக் கையில் எடுத்தார்.

"நாளைக்குக் காலையில பேரை அனுப்பணும். அதுக்குள்ள, வேண்டாம்னு விட்ட ரெண்டு பேர்கிட்டயும் ஏன்னு சொல்லிட்டு வந்துருங்க."

"போன்ல சொல்லிரட்டுமா?"

"வீட்டுக்குப் போய்."

"அழுவாங்களே கோச்."

"அழுவாங்க."

பம்பு மறுபடியும் ஓடத் தொடங்கியது. பனிதாசன் ஸ்கூட்டரை எடுத்தார்.

செலஸ்டினா அப்போதுதான் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வாசலில் நின்றாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"பந்து வர்றதுக்கு முன்னாடி நீ சுத்திப் பாக்கறதே இல்ல. வந்த பெறகுதான் யாருக்குக் குடுக்கன்னு தேடுத. அதுக்குள்ள எதிராளி மேல வந்து விழுந்துருதா. அதான் உன் பேரைப் போடல."

அவள் கண் நிரம்பிவிட்டது. புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும் சார். அதை எப்படிச் சரி பண்ண?"

தெருவிலேயே நின்று காட்டிக்கொடுத்தார். சுவரில் பந்தை உதைக்கச் சொன்னார். அது திரும்பி வருவதற்குள் தலையைத் திருப்பி, தெருவில் யார் யார் போகிறார்கள் என்று சொல்லச் சொன்னார். இரண்டு முறை பந்தைத் தவறவிட்டாள். பிறகு, "பால்காரரு, ரெண்டு ஆடு" என்றாள். அழுத முகத்தோடேயே சிரித்தாள்.

கிளம்பும்போது பனிதாசனுக்கு மனசு லேசாக இருந்தது. இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டார்.

முத்துக்கனியின் வீடு வாரியக் குடியிருப்பில் மூன்றாம் மாடி. அப்பா உப்பு லாரி ஓட்டப் போயிருந்தார். உருவத்தில் சிறிய முத்துக்கனியே நாற்காலியைத் தட்டிப் போட்டு, ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பனிதாசன் தண்ணீரை மெதுவாகக் குடித்தார். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். அப்பா எப்போது வருவார் என்று கேட்டார். கேட்க வேறு ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனதும், "இந்த வாட்டி உன் பேர் இல்லம்மா" என்றார்.

"ஏன் சார்?"

"நல்லாத்தான் ஆடுத. உயரம்தான் பத்தாது. அங்க வர்றது எல்லாம் பெரிய பெரிய பிள்ளைங்க."

முத்துக்கனி அழவில்லை.

"எந்தப் பந்து சார் எனக்கு எட்டல?"

குரலில் சண்டை இல்லை. எதுவென்று தெரிந்தால் சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் கேட்டாள்.

பனிதாசன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஏதாவது ஓர் ஆட்டம் ஞாபகத்துக்கு வந்துவிடும் என்றுதான் நினைத்தார்.

வரவில்லை.

ஒவ்வோர் ஆட்டமாக ஓட்டிப் பார்த்தார். தலையால் முட்ட இரண்டு பேர் எம்பும் இடத்தில் முத்துக்கனி இருந்ததே இல்லை. முட்டிய பந்து எங்கே வந்து விழுமோ, அங்கே போய் முன்கூட்டியே நின்றுகொண்டிருப்பாள். பருவம் முழுக்க அதைப் பார்த்திருந்தார். அதிர்ஷ்டக்காரப் பிள்ளை என்று நினைத்திருந்தார்.

"சார்?"

"சொல்லுதேம்மா. யோசிச்சுச் சொல்லுதேன்."

செம்பைத் தரையில் வைத்துவிட்டுப் படி இறங்கினார்.

மைதானத்தில் ரெஜினா கோல் வலையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சொல்லியாச்சா அண்ணா?"

"செலஸ்டினாகிட்ட சொல்லிட்டேன். முத்துக்கனிகிட்ட முடியல."

"ஏன்?"

"சொல்ல ஒண்ணும் இல்ல கோச்."

ரெஜினா வலையை மடிக்கத் தொடங்கினார்.

"அப்போ முத்துக்கனி போறா."

"ஆமா."

"பியூலாவை விட முடியாது."

"முடியாது."

"அன்ஸ்லின் போகல."

பனிதாசன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்ஸ்லினின் அப்பா அவருடைய பழைய கூட்டாளி. அன்றைக்கு ஸ்கூட்டரில் போகும் வழியில், டீக்கடையில் இவர் செய்தியைச் சொன்னதும், "எம் பிள்ளைய நீதான்டே கரை சேத்த" என்று எல்லார் முன்னாலும் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"அந்த வீட்டுக்கும் போகணுமே" என்றார் பனிதாசன்.

"போகணும். காரணம் இருக்கா?"

பனிதாசன் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"தன் உயரத்துக்கு ஒருத்தி எதிர்ல வந்து நின்னா அன்ஸ்லின் பந்தே கேக்க மாட்டா. ஓரமா ஒதுங்கிருவா. அத்தனை கோலும் தன்னைவிடச் சின்னப் பிள்ளைங்களைத் தாண்டி அடிச்சது."

ரெஜினா நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"இது எப்போ தெரிஞ்சுது அண்ணா?"

பனிதாசன் எழுந்து, சட்டைப்பையில் ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

"முதல் ஆட்டத்துலயே" என்றார்.