கூடையில் விழாத சட்டை

கடைசியில் ஒரு கேள்வி காத்திருக்கிறது. நடுவில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடலாம்.

இரண்டு ஆறுகள் கூடும் ஊர் அது. பெயரைச் சொன்னால் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வேண்டாம். செத்தவர்களுக்குக் காரியம் செய்ய நாலா பக்கமிருந்தும் ஜனங்கள் அங்கே வருவார்கள். காரியம் முடிந்ததும் இறந்தவரின் துணியை ஆற்றில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேற வேண்டும். அப்படி விட்ட வேட்டியும் சேலையும் சேர்ந்து போய், ஆற்றில் கால் வைத்தால் தண்ணீருக்கு முன்னால் துணிதான் தட்டுப்பட்டது.

அப்போதுதான் மூன்று பேர் கைகோத்தார்கள். தெய்வானை துறையில் கூடையோடு நின்று துணிகளை வாங்கி, துவைத்து, பொத்தான் அறுத்து, நிறம் நிறமாகப் பிரிப்பாள். நாச்சிமுத்து தன் ஆலையில் அவற்றைப் பஞ்சாக்கி நூலாக்குவார். பழைய நிறமே நூலுக்கும் வந்துவிடுவதால் புதிதாகச் சாயம் வேண்டாம். ஆற்றில் சாயத்தண்ணீரும் கலக்காது. சென்னியப்பன் அந்த நூலில் ஜமக்காளம் நெய்வார். கல்யாண மண்டபக்காரர்கள்கூட வாங்கிப் போனார்கள், என்ன நூல் என்று விசாரிக்காமல். மூவருக்கும் ஒரே கட்டுப்பாடு: கூடையில் விழுந்த துணி யாருடையதும் அல்ல. யார் வீட்டுத் துணி என்று கேட்கவும் கூடாது, எதையும் தனியாக எடுத்து வைக்கவும் கூடாது.

ஓர் ஆடி வெள்ளத்தில் வேலாத்தாளின் ஒரே மகனை ஆறு கொண்டுபோயிற்று. உடல் கிடைக்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்தார்கள். வேலாத்தாள் அவனுடைய கிளிப்பச்சைச் சட்டையை ஒருமுறை ஆற்றில் நனைத்து, தெய்வானையின் கையில் கொடுத்துவிட்டுப் படியேறினாள். மேல்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

தெய்வானை அதைக் கவனித்துவிட்டாள். திரும்பிப் பார்த்தவள் ஒருநாள் திரும்பியும் வருவாள், வந்து கேட்டால் என்ன சொல்வது? சட்டையைக் கூடையில் போட மனம் வரவில்லை. யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்துக் கொடியில் போட்டாள்.

அது காயவில்லை. பக்கத்தில் கிடந்த தடித்த போர்வை மொரமொரவென்று காய்ந்த பிறகும் சட்டையின் கைமடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. பிழிந்தால் மணல் வந்தது. அடுப்படிக்குப் போனாலும் கொல்லைக்குப் போனாலும் நனைந்த காலோடு யாரோ பின்னால் நடப்பது போலிருந்தது. அவளுக்குத் திரும்பிப் பார்க்கப் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம். கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றால் அந்தத் தாயின் ஊர் தெரியாது. கேட்கக் கூடாது என்பதுதானே கட்டுப்பாடு.

ஐப்பசியில் வேலாத்தாள் விசாரித்துக்கொண்டு ஆலைக்கே வந்துவிட்டாள். மூவரும் அங்கேதான் இருந்தார்கள்.

"என்ற பையன் சட்டைங்க. கிளிப்பச்சை. அதை மட்டும் குடுத்துருங்க சாமி. கண்ணை மூடுனா, குளுருதும்மான்னு கூப்புடறானுங்க."

நாச்சிமுத்து பொய் பேசாதவர் என்று பெயரெடுத்தவர். "இல்லீங்கம்மா. மூட்டையோட மூட்டையா அரைச்சு நூலாயிப்போச்சு. இனி அதைப் பிரிச்செடுக்க ஆராலயும் முடியாது. மனசைத் தேத்திக்குங்க" என்றார்.

வேலாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சென்னியப்பனுக்குப் பொறுக்கவில்லை. தன் வண்டியிலிருந்து ஒரு ஜமக்காளத்தை எடுத்துவந்து அவள் முன்னால் விரித்தார். நடுவில் பாசிநிறத்தில் ஒரு பச்சைப் பட்டை ஓடியது.

"இந்தாங்காத்தா. இந்தப் பச்சை உங்க பையன் சட்டைதானுங்க. நானே நெய்ஞ்சது."

வேலாத்தாள் அந்தப் பட்டையை விரலால் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தாள். தன் ஊரைச் சொல்லி, பஸ் எப்போது வரும் என்று மட்டும் விசாரித்துவிட்டு, ஜமக்காளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

தெய்வானை வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கூட்டாளிகள் இருவர் சொன்னதும் பொய்யாகிவிடும், அந்தத் தாய்க்குக் கிடைத்த கொஞ்ச ஆறுதலும் போய்விடும். பிறகு, வேலாத்தாள் அந்த ஜமக்காளத்தில் படுத்து நன்றாகத் தூங்குகிறாள் என்று சேதி வந்தது. சட்டை மட்டும் கொடியில் சொட்டிக்கொண்டேயிருந்தது.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். உள்ளதைச் சொன்னதாக நினைத்த நாச்சிமுத்து, இரக்கத்தில் பொய் சொன்ன சென்னியப்பன், சட்டையை வைத்துக்கொண்டு பேசாமல் நின்ற தெய்வானை, இதில் யார் செய்தது சரி?

விடை: மூவரும் இல்லை. நாச்சிமுத்து தன் ஆலைக்கு வராத சட்டையை அரைத்ததாகச் சொன்னார். சென்னியப்பன் எந்தப் பச்சையும் ஒரே பச்சை என்று நினைத்தார். தெய்வானையோ, கூடையில் விழாத சட்டை இன்னும் தாயுடையதுதான் என்பதை மறந்தாள். சரியாகச் செய்தவள் வேலாத்தாள். ஈரச் சட்டையோடு தெய்வானை ஒருநாள் அவள் வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொல்லி அழுதபோதுதான் அது தெரிந்தது. வேலாத்தாள் சட்டையை முகத்தில் ஒற்றிக்கொண்டு, பிறகு தெய்வானையிடமே நீட்டினாள். "இதைக் கூடையில போட்ரு அம்மிணி. அந்த ஜமக்காளத்துல இருந்தது என்ற பையன் பச்சையில்லைன்னு தொட்டப்பவே தெரியும். எந்த ஆத்தா பெத்த புள்ளையோ, அதும்மேல நான் படுத்திருக்கறேன். என்ற பையன் மேலயும் எவளோ ஒரு ஆத்தா படுத்திருப்பா, அவனுக்குக் குளுராதுன்னு நெனச்சுத்தான் தூங்குனேன். அவனை மட்டும் எதுக்கு அம்மிணி இத்தனை நாளாத் தனியா நனைய உட்டுப்போட்டே?"