நீலம் பூசிய மான்குட்டி

விடாத மழையில் காடே சேறாகிவிட்டது. செவலை என்ற பெண்மானின் குட்டிக்குக் குளம்பிடுக்கில் சீழ் பிடித்தது. குட்டியால் காலை ஊன்றவே முடியவில்லை. நொண்டும் குட்டியைச் சிறுத்தை விட்டுவைக்காது என்று செவலைக்குத் தெரியும். வைத்தியம் தெரிந்த முள்ளம்பன்றியைத் தேடி ஓடியது.

முள்ளம்பன்றி ஒரு நீலக்கல்லை இலையில் மடித்துக் கொடுத்தது.

"இதற்குப் பெயர் மயில்துத்தம். ஒரே ஒரு துணுக்கைத் தண்ணீரில் கரைத்து, குட்டியின் குளம்பை அதில் நனைத்து எடு. ஐந்து நாளில் சீழ் வற்றிவிடும். ஆனால் குளம்புக்கு மட்டும்தான்! காய்ந்ததும் கழுவிவிடு. குட்டி நக்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து!"

"அப்படியே செய்கிறேன், வைத்தியரே!"

செவலை சொன்னபடியே செய்தது. ஐந்தாம் நாள் குட்டி துள்ளி ஓடியது.

கழுவியும் போகாமல் குளம்பில் லேசாக ஒட்டியிருந்த நீலத்தை ஒரு மயில் பார்த்துவிட்டது.

"அடேயப்பா! என் கழுத்தின் நிறம் உன் குட்டியின் காலில்! உடம்பு முழுக்க இருந்தால் எப்படி இருக்கும், அக்கா!"

செவலைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'புண்ணையே ஆற்றிய மருந்து, நல்ல தோலை என்ன செய்துவிடப் போகிறது? ஈ, உண்ணிகூட அண்டாதே!' என்று நினைத்தது. மிச்சமிருந்த கல் முழுவதையும் கெட்டியாகக் கரைத்தது. குட்டியின் முதுகிலும் வயிற்றிலும் முகத்திலும் பூசியது.

"எரிகிறதே, அம்மா!"

"கொஞ்சம் பொறுத்துக்கொள், கண்ணே! நீ எவ்வளவு அழகாக இருக்கிறாய் தெரியுமா!"

மந்தையே திரண்டு வந்து வியந்தது. செவலைக்குப் பெருமை தாங்கவில்லை. குட்டிக்கோ எரிச்சல் தாங்கவில்லை. ஒரு புதருக்குப் பின்னால் போய் உடம்பை நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது. மாலையில் நீலமாக வாந்தி எடுத்தது. மறுநாள் வெயில் ஏறும் முன்பே செத்துப்போனது.

"ஐயோ, என்ன ஆயிற்று?" என்று மான்கள் பதறின.

செவலைக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வேறொன்றைச் சொன்னது.

"முள்ளம்பன்றியின் மருந்து என் குட்டியைக் கொன்றுவிட்டது!"

சில நாள் கழித்து, பூவரி என்ற மானின் குட்டியும் நொண்டத் தொடங்கியது. கேள்விப்பட்ட முள்ளம்பன்றி தானே நீலக்கல்லோடு வந்தது.

"கிட்டே வராதே, கொலைகாரா!" என்று பூவரி எட்டி உதைத்தது.

செவலை பக்கத்திலேயே நின்றது. வாயைத் திறக்கவில்லை.

அடுத்த நாள் சிறுத்தை பாய்ந்தது. மான்கள் சிதறி ஓடின. பூவரியின் குட்டியால் மட்டும் ஓட முடியவில்லை.

பூவரி கதறிய கதறலைக் கேட்ட பிறகுதான் செவலை மந்தையின் நடுவே வந்து நின்றது.

"மருந்து கொல்லவில்லை. குளம்புக்குத் தந்ததை அழகுக்காக உடம்பெல்லாம் பூசியவள் நான். பூவரி, உன் குட்டியைக் கொன்றதும் என் பொய்தான்!"

பூவரி முதலில் திரும்பி நடந்தது. மற்ற மான்களும் அதன் பின்னால் போய்விட்டன. செவலை சேற்றில் தனியாக நின்றது.

மருந்தைச் சொன்ன இடத்தில், சொன்ன அளவில் பயன்படுத்தாதவர் தம் வீட்டில் ஓர் உயிரை இழப்பார். அந்தப் பழியை மருந்தின் மேல் போடுபவர் அடுத்த வீட்டு உயிரையும் பறிப்பார்.